பையின் (pie) அடி மொறுமொறுவென்று வர: கண்ணாடித் தட்டா, தோசைக்கல்லா, இரண்டு தடவை சுடுவதா?

கோத்தகிரியில் இருக்கும் என் சித்தி மகள் போன மாதம் புதிதாக ஓடிஜி, அதாவது கேக், பை சுடும் சின்ன மின்சார அடுப்பு, வாங்கினாள். வாங்கிய வாரமே பிளம்ஸ் பை (மாவுக்குள் பழத்தை வைத்துச் சுடுவது) செய்து பார்த்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போட்டாள். "அக்கா, மேல பார்த்தா நல்லா செவந்து வந்திருக்கு. வெட்டி எடுத்தா அடி மட்டும் வேகாத கொழுக்கட்டை மாதிரி நசநசன்னு இருக்கு. கண்ணாடித் தட்டு வாங்கவா, பீட்சா கல் வாங்கவா, இல்ல வெறும் மாவை முதல்ல தனியா சுட்டு எடுத்துக்கவா? கையில ரெண்டாயிரம் ரூபாதான் இருக்கு. ஒண்ணு சொல்லு."

அன்றைக்குப் போனில் அவசரமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். எனக்குப் பிறந்த ஊர் குன்னூர், வாழ்க்கைப்பட்டது கொடைக்கானல். ஆறு வருஷமாக வீட்டிலேயே பை செய்து, சீசனில் ஹோம்ஸ்டேக்களுக்கும் மற்ற நாட்களில் தெரிந்தவர்களுக்கும் கொடுக்கிறேன். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் வந்து வீடு கட்டிய ஊர் இது. ஆப்பிள் பை என்றால் இங்கே யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அடி ஊறியிருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துகொள்வார்கள். எனக்கு வந்த முதல் பெரிய ஆர்டரில் பன்னிரண்டு பேர் சாப்பிட்டார்கள். தட்டுகள் திரும்பி வந்தபோது பழம் முழுக்கக் காலியாகியிருந்தது. அடி மாவு மட்டும் ஏழெட்டுத் தட்டில் முக்கோண முக்கோணமாக ஒட்டிக் கிடந்தது. யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தட்டுகளைப் பார்த்த பிறகு எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தங்கச்சி கேட்ட மூன்று வழிகளையும், அவள் கேட்காத இரண்டையும் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டேன்.

கல் காயாமல் ஊற்றிய தோசை

அடி ஏன் ஊறுகிறது என்று கேட்டால், பழத்தில் சாறு இருக்கிறது, அதனால் ஊறுகிறது என்பார்கள். அது பாதிதான் சரி. கல் காயாமல் தோசை ஊற்றினால் என்ன ஆகும்? வெளுத்துப்போய், கல்லோடு ஒட்டி, எடுத்தால் பிய்ந்து வரும். அதே மாவு, காய்ந்த கல்லில் விழுந்தால் அரை நிமிஷத்தில் ஓரம் எழும்பிவிடும். பையின் அடியும் அப்படித்தான். குளிர்ந்த தட்டில் குளிர்ந்த மாவு, அதன் மேல் ஒரு கிலோ குளிர்ந்த பழம். அதை ஓடிஜியின் நடுத்தட்டில் வைத்தால் மேல் மாவுக்குச் சூடு உடனே கிடைக்கிறது. அடிக்கு அது வந்து சேர அரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் வெண்ணெய் உருகி, சாறு இறங்கி, மாவு பச்சையாகவே அதைக் குடித்துவிடுகிறது.

மாவு சிவக்க ஏறக்குறைய 150 டிகிரி வேண்டும். மாவில் ஈரம் இருக்கும் வரை அது தண்ணீர் கொதிக்கும் சூட்டைத் தாண்டி ஏறாது. ஆக, சாறு இறங்குவதற்குள் அடி மாவு தன் ஈரத்தை விட்டு இறுகிவிட வேண்டும். யார் முந்துகிறார்கள் என்பதுதான் விஷயம். கீழே நான் எழுதும் எல்லா வழிகளும் இரண்டில் ஒன்றைச் செய்பவைதான்: சூட்டை முந்த வைப்பது, அல்லது சாற்றைத் தாமதப்படுத்துவது.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர் உயரம், ஊட்டி 2240. இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. பருப்பு வேக நேரமாகிறதே, அதே காரணத்தால் பைக்குள் இருக்கும் பேரிக்காயும் மெதுவாகத்தான் வேகும். மதுரையில் இருப்பவர் எழுதிய நேரத்தை நம்பி இங்கே சுட்டால், மேல் மாவு சிவந்த பிறகும் உள்ளே பழம் நறுக்கென்று இருக்கும். கார்ன்ஃப்ளோர் முழுசாகக் கெட்டியாக 95 டிகிரி வரை சூடு கேட்கும். பைக்குள் அது அரைகுறையாக நின்றுபோனால் சாறு நீர்த்தே இருக்கும், அதுவும் அடியில்தான் போய்ச் சேரும்.

இதற்கு ஈடாக மலை நமக்கு ஒன்றைத் தருகிறது. கீழே மதுரையிலோ வத்தலக்குண்டிலோ இருப்பவர்கள் வெண்ணெய் உருகாமல் மாவு பிசைய ஐஸ் தண்ணீர், ஃப்ரிட்ஜ் என்று திண்டாடுவார்கள். நமக்குச் சமையல்கட்டே ஃப்ரிட்ஜ். 250 கிராம் மைதா, 160 கிராம் வெண்ணெய், கால் டம்ளர் தண்ணீர். வெண்ணெய் பட்டாணி அளவுக்குத் துண்டு துண்டாக நிற்கும்படி உதிர்த்துப் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடி வைத்தால் போதும். மாவைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன். அடி ஊறுவதற்கு மாவு காரணமாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

தோசைக்கல் வழி

குன்னூரில் எங்கள் தெருமுனையில் ஒரு வர்க்கி பேக்கரி இருந்தது. வர்க்கி என்றால் ஏடு ஏடாகப் பிரியும் மொறுமொறு பிஸ்கட். விறகு அடுப்பு, செங்கல் தரை. விறகை உள்ளேயே எரித்து, தணலை இழுத்துவிட்டு, ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, அப்புறம்தான் தட்டுகள் உள்ளே போகும். அதற்கு முன்னால் அந்த அண்ணன் ஒரு சிட்டிகை மைதாவைத் தரையில் வீசிப் பார்ப்பார். உடனே கருகினால் காத்திருப்பார், மெல்லச் சிவந்தால் தட்டை எடுப்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நின்று பார்ப்பேன். "என்ன பாப்பா பாக்குற, தரை சுட்டாத்தான் வர்க்கி ஏடு ஏடா பிரியும்" என்று சொல்வார். பை அடி ஊறிப்போன அந்த நாளில் எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் செங்கல் தரைதான்.

வீட்டு ஓடிஜியில் அப்படித் தரை கிடையாது. இருப்பது மெல்லிய கம்பித் தட்டும் அதற்குக் கீழே சூடாகும் ராடும். அந்தக் கம்பித் தட்டின் மேல் இரும்பு தோசைக்கல் ஒன்றை வைத்துவிட்டால் தரை வந்துவிடுகிறது. என் மாமியார் வைத்திருந்த பழைய கல், பிடியில்லாதது, இரண்டரை கிலோ இருக்கும். "அத்தை, இதை அடுப்புக்குள்ள வச்சுக்கவா?" என்று கேட்டபோது அவருக்குப் புரியவில்லை. ஆனால் கொடுத்துவிட்டார்.

செய்முறை இதுதான். கல்லில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, கீழ்த்தட்டில் வைத்து, 230 டிகிரியில் இரண்டு ராடும் எரிய அரை மணி நேரம் காய விடுங்கள். டின்னில் பரப்பிய மாவையும் பழத்தையும் அதற்குள் தனித்தனியாகத் தயார் செய்து குளிரில் வைத்து, கல் காய்ந்ததும் நிரப்பி மூடுங்கள். கதவைத் திறந்து கல்லின் மேல் டின்னை நேராக வைத்து உடனே மூடுங்கள். 220 டிகிரியில் இருபது நிமிஷம், அப்புறம் 180-க்கு இறக்கி நாற்பது நிமிஷம். மேலே சீக்கிரம் சிவந்தால் அலுமினிய ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்துங்கள்.

இது நம் மலைக்கு ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்றால், வோல்டேஜ். எங்கள் தெருவில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் 190-க்கு வந்துவிடும். ராடின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்கு 2000 வாட் தரும் ஓடிஜி 190-ல் ஏறக்குறைய 1360 வாட்தான் தரும், மூன்றில் இரண்டு பங்கு. கதவைத் திறந்து குளிர்ந்த பையை உள்ளே வைத்ததும் சூடு இறங்கும். அந்த இறக்கத்திலிருந்து ஏறிவர முழு வோல்டேஜில் ஐந்து நிமிஷம் என்றால் சாயங்காலத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அடி கெடுகிறது. காய்ந்த கல் சேர்த்து வைத்திருக்கும் சூட்டை வோல்டேஜ் பார்க்காமல் அடிக்குக் கொடுத்துவிடுகிறது. வோல்டேஜ் குறைவான நேரத்தில் அரை மணிக்குப் பதில் முக்கால் மணி நேரம் காய விடுவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருமுறை ஒரே மாவு, ஒரே பேரிக்காய், ஒரே அளவு அலுமினிய டின்னில் இரண்டு பை செய்தேன். ஒன்று வெறும் கம்பித் தட்டில், இன்னொன்று கல்லின் மேல், ஒன்றன் பின் ஒன்றாக. ஆறிய பிறகு இரண்டிலும் ஒரு துண்டு எடுத்து தோசைத் திருப்பியின் மேல் வைத்துத் தூக்கிப் பார்த்தேன். முதல் துண்டு நுனி தொங்கி, பழத்தின் எடை தாங்காமல் மடங்கியது. அடி ஈர வேட்டியின் நிறத்தில் இருந்தது. இரண்டாவது நேராக நின்றது. திருப்பினால் நன்றாகச் சிவந்த ரஸ்க்கின் நிறம், நகத்தால் தட்டினால் டொக் டொக் என்று சத்தம். வாயில் போட்ட என் மகன் "இதுதான்மா பிஸ்கட்" என்றான்.

சில எச்சரிக்கைகள். கல் ஓடிஜியின் சுவரைத் தொடாமல், சுற்றிலும் இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். காற்று ஓடாவிட்டால் மேல்பக்கம் வேகாது. ராடைத் தொடவே கூடாது. நான்ஸ்டிக் தவாவை இதற்கு எடுக்காதீர்கள், அந்தப் பூச்சு வெறும் சூட்டில் இப்படிக் காயக்கூடாது. மரப்பிடி, பிளாஸ்டிக் பிடி இருப்பதும் வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் கடப்பாக்கல் துண்டை வைக்கலாமா என்று ஒருத்தர் கேட்டார். வேண்டாம். அது சுண்ணாம்புக்கல் வகை, சூட்டில் வெடித்துப் பிளக்கலாம். பீட்சா கல் நல்லதுதான். ஆனால் காய அதற்கு இரும்பைவிட அதிக நேரம் பிடிக்கும், காசும் ஆகும். இரும்புக் கல் வீட்டிலேயே இருக்கும்போது எதற்கு?

எந்தத் தட்டில் சுடுவது

கண்ணாடித் தட்டுக்கு ஒரு பெரிய குணம் உண்டு. தூக்கிப் பார்த்தால் அடி தெரியும். வெளுத்திருந்தால் இன்னும் பத்து நிமிஷம் விடலாம், சிவந்திருந்தால் எடுத்துவிடலாம். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு அது பெரிய தைரியம். ஆனால் கண்ணாடி சூட்டை மெதுவாகக் கடத்தும். ஒரே அளவுகோலில் வைத்துச் சொன்னால் அலுமினியம் 200-க்கு மேல், வார்ப்பிரும்பு 50 அளவில், எவர்சில்வர் 15, கண்ணாடி 1-ஐ ஒட்டி. நேரம் கொடுத்தால் கண்ணாடியிலும் அடி நன்றாகவே சிவக்கும், ராடிலிருந்து ஒளி மாதிரி வரும் சூடு கண்ணாடிக்குள் கொஞ்சம் ஊடுருவியும் போகும். ஆனால் தொடக்கத்தில் பின்தங்கும். முந்த வேண்டிய நேரத்தில் பின்தங்குகிறது.

அதைவிடப் பெரிய குறை, காய்ந்த கல்லின் மேல் குளிர்ந்த கண்ணாடியை வைக்கவே முடியாது. நான் வைத்தேன். டப்பென்று ஒரு சத்தம், கதவைத் திறந்தால் தட்டு மூன்று துண்டு, பிளம்ஸ் சாறு ராடில் ஒழுகிப் புகை. அதை முழுசாகச் சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆனது, நல்லவேளை யாருக்கும் கண்ணாடி குத்தவில்லை. போரோசிலிகேட் கண்ணாடி சூடு மாறுவதை ஓரளவு தாங்கும். ஆனால் கடையில் கிடைக்கும் எல்லாக் கண்ணாடித் தட்டும் போரோசிலிகேட் அல்ல. சாதாரணக் கண்ணாடியைப் பதப்படுத்தி விற்பதும் உண்டு. எதுவானாலும் குளிரிலிருந்து நேராகச் சூட்டுக்குப் போகக்கூடாது. ஆக, கண்ணாடியை எடுத்தால் தோசைக்கல்லை விட வேண்டும். இரண்டில் ஒன்றுதான்.

சாப்பிடும் எவர்சில்வர் தட்டில் பை சுடுபவர்கள் நிறையப் பேர். அதைத்தான் முதலில் நிறுத்தச் சொல்வேன். சூட்டை மெதுவாகக் கடத்தும், பளபளப்பால் சூட்டைத் திருப்பியும் விடும். அடி அங்கங்கே திட்டுத் திட்டாகச் சிவந்து நடுவில் பச்சையாக நிற்கும். பாத்திரக் கடையில் கிடைக்கும் சாதாரண அலுமினிய கேக் டின், கொஞ்சம் கனமாக, அதுவும் பழகி மங்கியதாக இருந்தால் இதற்கு அதைவிட நல்லது இல்லை. அடி கழன்று வரும் டின் கிடைத்தால் இன்னும் வசதி. சுட்ட பிறகு ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் டின்னை வைத்தால் வளையம் தானாகக் கீழே இறங்கிவிடும், அடியைக் கண்ணால் பார்த்துவிடலாம். மற்ற டின்னில் பார்க்க முடியாதே என்று கவலைப்பட வேண்டாம். வெந்துவிட்டதா என்று தெரிய, துணியால் டின்னைப் பிடித்து லேசாகக் குலுக்குங்கள். பை மொத்தமாக வழுகி நகர்ந்தால் அடி இறுகிவிட்டது. ஒட்டிக்கொண்டு நின்றால் திரும்ப உள்ளே வையுங்கள்.

ஆர்டருக்கு என்றால் ஃபாயில் தட்டுதான் எல்லாரும் வாங்குகிறோம், திருப்பி வாங்கும் தொல்லை இல்லை. வெறும் கம்பித் தட்டில் அது மோசம். காய்ந்த கல்லின் மேல் வைத்தால் தகடு மெல்லியது என்பதே நன்மையாகிவிடுகிறது, கல்லின் சூடு நேராக மாவுக்குப் போகும். அடி நெளியாமல் கல்லோடு படிந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் வெறும் மாவைச் சுடுவது

தங்கச்சி கேட்ட மூன்றாவது வழி இது. மாவைத் தேய்த்து டின்னில் பரப்பி, முள்கரண்டியால் குத்தி, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதன் மேல் கனத்துக்குக் கொண்டைக்கடலையோ அரிசியோ விளிம்பு வரை கொட்டி 200 டிகிரியில் இருபது நிமிஷம். அப்புறம் கனத்தை எடுத்துவிட்டு வெறுமனே இன்னும் பத்துப் பதினைந்து நிமிஷம். அந்தக் கொண்டைக்கடலையைச் சமைக்க முடியாது. ஆனால் டப்பாவில் போட்டு வைத்தால் வருஷக்கணக்கில் இதற்கே உதவும்.

முட்டையும் பாலும் ஊற்றிச் செய்யும் கஸ்டர்ட் பை, எலுமிச்சை பை, மேல் மூடியில்லாத காய்கறிப் பை எல்லாவற்றுக்கும் இதைத் தவிர வேறு வழி இல்லை. முட்டைக் கலவை 80 டிகிரியைத் தாண்டியதும் இறுகிவிடும், அதற்கு மேல் விட்டால் திரிந்துவிடும். அடி வேகும் வரை அதைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. அங்கே தோசைக்கல் மட்டும் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன், மேலே தண்ணீர் விட்ட கஸ்டர்டும் கீழே பாதி வெந்த மாவும்தான் கிடைத்தன.

ஆனால் மேலே மூடி போட்ட பழப் பைக்கு இந்த வழியை நான் எடுப்பதில்லை. வெந்த அடியோடு பச்சை மூடியை ஒட்டவைப்பது கஷ்டம், ஓரத்தில் சாறு பீறிடும். ஏற்கனவே சிவந்த விளிம்பு இரண்டாவது சூட்டில் கருகும். மாவை ஆற வைக்காமல் சுட்டால் பக்கச் சுவர் சுருங்கிக் கீழே சரியும். இதற்கெல்லாம் மேல் முக்கால் மணி நேரக் கரண்டும் நம் நேரமும் கூடுதலாகப் போகிறது. ஒரு நாளில் ஒரு பை செய்பவருக்குப் பரவாயில்லை. சீசனில் ஒரே ஓடிஜியை வைத்துக்கொண்டு ஆறு பை செய்பவருக்குக் கட்டாது.

பழத்தை வழிக்குக் கொண்டுவருவது

தங்கச்சி இதைக் கேட்கவே இல்லை. எனக்கு இதில்தான் பாதி வெற்றி. ஆடியிலும் ஆவணியிலும் இங்கே வரும் நாட்டுப் பேரிக்காய் கடினமானது, நறநறவென்று இருக்கும், சாறு கொஞ்சம் குறைவு. பிளம்ஸ் நேர் எதிர். தோல் கிழிந்ததும் சாறாகவே ஓடும். ஒரே முறையில் இரண்டையும் செய்தால் ஒன்று வேகாது, இன்னொன்று குளமாகும்.

நறுக்கிய ஒரு கிலோ பழத்தில் 120 கிராம் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பிசறி ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு வடிதட்டில் கொட்டினால் கீழே சாறு இறங்கும். பிளம்ஸில் ஒரு டம்ளர் நிறைய வரும். இந்த ஒரு டம்ளர்தான் நம் அடி மாவுக்குள் போக இருந்தது. அதை வாயகன்ற கடாயில் ஊற்றி, நேரடித் தீயில், நன்றாகக் கொதிக்க வைத்து, கரண்டியிலிருந்து தேன் மாதிரி விழும் வரை சுண்ட விடுங்கள். ருசியும் வீணாகாது, திரும்பப் பழத்திலேயே சேர்த்துவிடலாம். பேரிக்காயாக இருந்தால் துண்டுகளையும் அதே கடாயில் ஏழெட்டு நிமிஷம் வதக்குகிறேன். 93 டிகிரியில் கொதிக்கும் ஊரில் இந்த முன்வேக்காடு இல்லாவிட்டால் அது பைக்குள் சரியாக வேகாது.

கெட்டியாக்க கார்ன்ஃப்ளோர் போடுவதாக இருந்தால் அதையும் கடாயிலேயே போட்டு, வெண்மை மாறிக் கண்ணாடி மாதிரித் தெளியும் வரை கிளற வேண்டும். தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்துக் கிளறும் முறை மலையில் சரிவராது, அந்தச் சூடு பற்றாது. நான் இப்போது ஜவ்வரிசிக்கு மாறிவிட்டேன். சேலத்து ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்து வைத்துக்கொண்டு, கிலோவுக்கு மூன்று டேபிள்ஸ்பூன். ஜவ்வரிசி மரவள்ளி மாவில் செய்வது, அது கார்ன்ஃப்ளோரைவிடக் குறைந்த சூட்டிலேயே கெட்டியாகும், பழத்தின் நிறமும் மங்காது. நம் உயரத்துக்கு அதுதான் தோது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு விஷயத்தில் அவசரப்படக் கூடாது. பழக்கலவை நன்றாக ஆற வேண்டும். சூடாக ஊற்றினால் அடி மாவின் வெண்ணெய் அப்போதே உருகிவிடும். கொடைக்கானல் ஜன்னலோரத்தில் தட்டில் பரப்பி வைத்தால் இருபது நிமிஷத்தில் சில்லிட்டுவிடும். நிரப்பிய பையைச் சும்மா வைத்திருக்காமல் நேராகக் கல்லுக்கு அனுப்ப வேண்டும். மூடியில் நாலைந்து கீறல் போடுங்கள், ஆவி வெளியே போகட்டும். அந்தக் கீறலில் சாறு தண்ணீராகக் கொதிக்காமல் கொழகொழவென்று மெதுவாகக் குமிழி விடும்போதுதான் உள்ளே தயார்.

நடுவில் ஒரு தடுப்பு

மாவுக்கும் பழத்துக்கும் நடுவில் எதையாவது தடவினால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். முட்டை வெள்ளை தடவுவது, வறுத்த ரவை தூவுவது, ரஸ்க் தூள், முந்திரிப் பொடி. எல்லாமே கொஞ்சம் உதவும், எதுவும் தனியாகப் போதாது. என்னிடம் வாங்குபவர்களில் பாதிப் பேர் முட்டை சேர்க்காத பைதான் கேட்கிறார்கள், அதனால் முட்டை வெள்ளை எனக்கு ஆகாது. பிளம்ஸுக்கு மட்டும் இரண்டு ஸ்பூன் வறுத்த ரவை தூவுகிறேன். ஊருக்குப் போய்விட்டு வரும்போது வாங்கி வந்த வர்க்கி உடைந்து தூளாகிக் கிடந்தால் அதைத் தூவுவேன். ரவையைவிட அது ருசி, சாற்றைக் குடித்த பிறகும் லேசாக மொறுப்பு இருக்கும்.

சுட்ட பிறகு

மொறுமொறுவென்று எடுத்த பையை மூடி வைத்துக் கெடுப்பதையும் பார்த்திருக்கிறேன். டின்னோடு மேடையில் வைத்தால் அடியில் ஆவி வியர்த்துவிடும். கம்பி வலையின் மேல்தான் ஆற வேண்டும், குறைந்தது மூன்று மணி நேரம். அதற்கு முன்னால் வெட்டினால் ஜவ்வரிசி இறுகியிருக்காது, சாறு ஓடிவிடும். சூட்டோடு அட்டைப் பெட்டியில் போட்டு மூடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில், மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும் நாட்களில், எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் மறுநாள் காலையில் அடி கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும்.

அதற்கும் தோசைக்கல்தான். அடுப்பில் கல்லைச் சிறு தீயில் காய வைத்து, டின்னையோ வெட்டிய துண்டையோ நேராக அதன் மேல் நான்கைந்து நிமிஷம் வையுங்கள். அடியில் வெண்ணெய் சலசலக்கும் சத்தம் கேட்டதும் எடுத்துவிடுங்கள். ஹோம்ஸ்டே சமையல்கட்டில் இருப்பவர்களிடம் பையைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லி அனுப்புகிறேன். மைக்ரோவேவில் வைத்தால் மொத்தமும் தொய்ந்துவிடும் என்றும் சொல்கிறேன்.

சரி, தங்கச்சிக்கு

உன் ரெண்டாயிரம் ரூபாயில் கண்ணாடித் தட்டும் வாங்காதே, பீட்சா கல்லும் வாங்காதே. கனமான எட்டு அங்குல அலுமினிய டின் இரண்டு வாங்கு, முடிந்தால் அடி கழலும் வகை. தோசைக்கல்லுக்கு உன் மாமியாரைக் கேள், இல்லாவிட்டால் கோத்தகிரி சந்தையில் பிடியில்லாத இரும்புக்கல்லாகப் பார்த்து எடு, ஆனால் முதலில் உன் ஓடிஜியின் உள்ளளவை நூல் வைத்து அளந்துகொண்டு போ. மிச்சக் காசில் ஓடிஜிக்குள் தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள். குமிழில் 220 என்று திருப்பினாலும் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லிவிடும், சாயங்கால வோல்டேஜில் உனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். வெறும் மாவை முதலில் சுடும் வேலையை எலுமிச்சை பை செய்யும் நாளுக்கு வைத்துக்கொள்.

பிளம்ஸ் முடிவதற்குள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய்து பார். காலையிலேயே செய், வோல்டேஜ் நன்றாக இருக்கும். சாற்றை வடித்துச் சுண்ட வை, ரவை தூவு, கல் காயட்டும். கல் காய்ந்ததா என்று சந்தேகமாக இருந்தால் கதவைத் திறந்து, கண்ணாடியிலும் ராடிலும் படாமல், கல்லின் நடுவில் மட்டும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடு. தோசைக்குப் பார்ப்பாயே, அதே மாதிரி உருண்டு ஓட வேண்டும். ஆறியதும் ஒரு துண்டைத் திருப்பி, அடியை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.